மேசையடியில் சுழன்ற கசெற்: ஒரு கச்சேரியை ஒளித்துப் பதிவதும் பகிர்வதும்

1974 மே 16. நியூயோர்க்கின் கிறீன்விச் வில்லேஜ் பகுதியில் 'பொட்டம் லைன்' என்றொரு சிறிய இசையரங்கு. அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 400 பேர் மேசைகளைச் சுற்றி அமர்ந்து, சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் பாட்டுக் கேட்கும் இடம். அன்றைய நிகழ்ச்சி கிற்றார் கலைஞர் றை கூடருடையது. அவர் வாசித்து முடித்த பிறகு, அறிவித்தலில் பெயரே இல்லாத ஒருவர் மேடையேறினார். கனடாவைச் சேர்ந்த பாடகர் நீல் யங். வாத்தியக் குழு இல்லை. ஒரு கிற்றாரும் ஒரு மவுத் ஓகனும் மட்டும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், 11 பாடல்கள்.

பார்வையாளர் வரிசையில் ஒருவரிடம் கசெற் றெக்கோடர் ஒன்று இருந்தது. நீல் யங் வருவார் என்று எவருக்கும் சொல்லப்படாத நிலையில், அந்த றெக்கோடர் வேறொரு கலைஞருக்காகவே உள்ளே வந்திருக்கவேண்டும். எப்படியோ, அது ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு பாடப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதுவரை இசைத்தட்டில் வெளிவராதவை. 'ஒன் த பீச்' என்ற அவருடைய அல்பம் அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து ஜூலையில்தான் கடைக்கு வந்தது. அதிலுள்ள நான்கு பாடல்களை அந்த 400 பேர் முன்னதாகவே கேட்டுவிட்டார்கள். 'சிற்றிசன் கேன் ஜூனியர் புளூஸ்' என்று பெயர் சொல்லி அவர் பாடிய இன்னொரு பாடல் அந்த அல்பத்தில் இல்லவே இல்லை. பின்னாளில் வேறொரு தலைப்புக்கு மாறிய அந்தப் பாடலின் முதற்பெயரே, கையிலிருந்து கைக்குப் போன அந்த நாடாவின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

48 வருடங்கள் கழித்து, 2022 மேயில், நீல் யங் அந்த இரவை 'உத்தியோகபூர்வ பூட்லெக் வரிசை' என்ற தலைப்பின் கீழ்த் தானே வெளியிட்டார். கள்ளப் பதிப்புக்காரர் வைத்த அதே பெயரில். அதே மாதத்தில் அவர் வெளியிட்ட இன்னொரு அல்பம் 1971 பெப்ரவரி 1 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் டொறத்தி சான்ட்லர் மண்டபத்தில் தனியாகப் பாடியது. அதுவும் எழுபதுகளிலேயே கள்ள இசைத்தட்டாக உலாவியதுதான். தன்னைத் திருடியவர்களிடமிருந்து தன் பொருளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். அவர்கள் பாதுகாத்து வைத்திருந்ததை அங்கீகரித்தார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

'பூட்லெக்' என்றால் என்ன?

கடையில் விற்கும் அல்பத்தை அப்படியே பிரதி பண்ணி மலிவாக விற்பது ஒரு வகைத் திருட்டு. நம் ஊர்ச் சந்திகளில் ஒரு காலத்தில் குவிந்திருந்த சீடீக்கள் அந்த வகை. பூட்லெக் அதுவல்ல. கலைஞரோ கம்பனியோ வெளியிடாத ஒன்றை, அதாவது ஒரு நேரடிக் கச்சேரியையோ ஒலிப்பதிவு கூடத்தில் ஒதுக்கப்பட்ட பாடலையோ, அனுமதியின்றிப் பதிந்து பரப்புவதே பூட்லெக். முதலாவதைச் செய்பவர் ஒரு விற்பனையைக் கெடுக்கிறார். இரண்டாமவர், இல்லாத பொருளொன்றை உண்டாக்குகிறார். ஆகவேதான் இசை ரசிகர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒபராவின் நூலகராயிருந்த லயனல் மேபிள்சன் 1901க்கும் 1903க்கும் இடையில், மேடைக்கு மேலேயுள்ள நடைபாதையில் எடிசன் சிலிண்டர் கருவியை வைத்து ஒபராக்களைத் துண்டு துண்டாகப் பதிந்தார். இரைச்சல் நிறைந்த, இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள். ஆனாலும் அக்காலத்தின் மாபெரும் பாடகர்கள் சிலர் மேடையில் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு இன்று இருக்கும் சாட்சி அது ஒன்றுதான். 1940களின் பிற்பகுதியில் டீன் பெனடெற்றி என்ற சாக்ஸபோன் கலைஞர் ஜாஸ் மேதை சார்லி பாக்கரின் பின்னால் கருவியுடன் அலைந்தார். பாக்கர் வாசிக்கும்போது மட்டும் பதிவார், மற்றவர்களின் முறை வந்தால் நிறுத்திவிடுவார். வெறி என்றால் அப்படி.

வணிகமாக மாறியது 1969இல். 'கிறேற் வைற் வொண்டர்' என்ற பெயரில், வெள்ளை மட்டையில் எந்த விபரமும் அச்சிடாமல், பொப் டிலனின் வெளிவராத பாடல்கள் லொஸ் ஏஞ்சல்ஸில் இரட்டை இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தன. அதில் ஒரு பகுதி 1961இல் அவர் தனியாகக் கிற்றாருடன் பாடிய ஒரு வீட்டு நாடா. றொக் இசையின் முதல் பெரிய பூட்லெக் என்று பொதுவாக அதையே சொல்வார்கள்.

தனிக் கிற்றார் ஏன் வேறு கதை?

இரைச்சலான றொக் கச்சேரியைப் பதிபவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் அசைந்தாலும் இருமினாலும் நாடாவில் தெரியாது. அவருடைய பிரச்சினை சத்தம் மிஞ்சி ஒலி கிழிந்துபோவது மட்டுமே. தனியொருவர் கிற்றாருடன் அமர்ந்து பாடும் இடத்தில் இது தலைகீழ். அங்கே மைக் எல்லாவற்றையும் கேட்கிறது: உடுப்பு உரசுவது, பக்கத்து மேசையில் கண்ணாடிக் குவளை வைக்கப்படுவது, பரிமாறுபவரின் கால் சத்தம், றெக்கோடரின் மோட்டார்.

மலிவான கசெற் றெக்கோடர்களில் ஒலியளவைத் தானாகவே சரிசெய்யும் சுற்று ஒன்று இருக்கும். பாடகர் பாடும்போது அது சத்தத்தை அமத்தும். அவர் நிறுத்தி மூச்செடுத்தால், 'சத்தம் குறைந்துவிட்டது' என்று நினைத்து மண்டபத்தின் முணுமுணுப்பை மேலே தூக்கிக்கொண்டு வரும். அதனால்தான் இப்படியான பதிவுகளில் மௌனம் வரும் இடங்களில் ஒரு 'உஸ்ஸ்' அலைபோல எழும்பும். இன்னொரு தொல்லை நேரம். 90 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். அந்த நேரம் எந்தப் பாட்டின் நடுவில் வந்து விழும் என்று பாடுபவருக்கும் தெரியாது, பதிபவருக்கும் தெரியாது. இருட்டில், மேசைக்கடியில், கையால் தடவி நாடாவைத் திருப்பிப் போடவேண்டும். ஏராளமான பூட்லெக்குகளில் ஒரு நல்ல பாட்டு பாதியில் அறுந்து, அடுத்த அடியிலிருந்து தொடங்குவதன் காரணம் இதுதான்.

ஒளித்துக் கொண்டுபோகும் உபாயங்களைப் பற்றிக் கதைகள் ஏராளம். எழுபதுகளில் லொஸ் ஏஞ்சல்ஸ் 'போரம்' அரங்கில் லெட் செப்பலின் போன்ற குழுக்களைப் பதிந்த மைக் மில்லார்ட், பாரமான நாக்காமிச்சி றெக்கோடரை மறைக்கச் சக்கர நாற்காலி ஒன்றில் அமர்ந்து உள்ளே போவாராம். அவருக்கு நடக்க இயலும். அமெரிக்க இசைப் பத்திரிகைகளில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுதுவார்கள். உண்மையிலேயே சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் நம் பகுதியில் எல்லோராலும் அப்படிச் சிரித்துவிட முடியாது. ஆனால் அவருடைய நாடாக்கள் அக்காலப் பதிவுகளிலேயே மிகத் தெளிவானவை என்பதை எவரும் மறுப்பதில்லை.

கையிலிருந்து கைக்கு

பதிவதைவிடப் பகிர்வதுதான் சுவையான பகுதி. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகப்படுத்தியபோது, சாதாரண மனிதருக்கு முதன்முறையாகப் பதியவும் பிரதி எடுக்கவும் மலிவாக ஒரு வழி கிடைத்தது. எழுபது, எண்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாடா மாற்றுவோரின் வலைப்பின்னல் ஒன்று கடிதங்கள் மூலமே வளர்ந்தது. அதில் எழுதாத சட்டம் ஒன்று: காசு வாங்கக்கூடாது. உன்னிடம் இருப்பதைத் தா, என்னிடம் இருப்பதைத் தருகிறேன். புதியவரிடம் மாற்ற எதுவும் இல்லையென்றால் வெற்றுக் கசெற்றையும் தபாற் செலவையும் அனுப்பினால் போதும். ஒருவர் ஐந்து பேருக்குப் பிரதி கொடுக்க, அந்த ஐவரும் ஐந்து ஐந்து பேருக்குக் கொடுக்க, மூன்றாம் படியில் 125 பேரிடம் நாடா இருக்கும். இதற்கு 'நாடா மரம்' என்று பெயர்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும், ஒலி மங்கும். எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதே நாடாவின் மதிப்பைத் தீர்மானித்தது. வேகம் சற்றுப் பிசகிய றெக்கோடரில் பிரதி எடுத்தால் பாடகரின் சுருதியே மாறிவிடும். கணினி வந்த பிறகு இந்தக் குறை நீங்கியது. நூறாவது பிரதியும் முதலாவதைப் போலவே இருக்கும். பழைய நாடாக்களைத் திருத்துபவர்கள் சுருதியைச் சரிபார்க்க ஒரு கெட்டிக்கார வழி வைத்திருக்கிறார்கள். பதிவின் அடியில் மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் கேட்குமென்றால், அது அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், நம் நாட்டிலும் பிரித்தானியாவிலும் 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கவேண்டும். அதைக் கொண்டு நாடா எவ்வளவு வேகமாகவோ மெதுவாகவோ ஓடியது என்று கணக்கிட்டுவிடலாம்.

சில கலைஞர்கள் இந்த வலைப்பின்னலோடு சமாதானமாகப் போனார்கள். கிறேற்புல் டெட் குழு 1984இல் தன் கச்சேரிகளில் பதிபவர்களுக்கென்றே தனி இருக்கைப் பகுதி ஒதுக்கியது. விற்காதீர்கள், பகிருங்கள் என்பது மட்டுமே நிபந்தனை. மற்றப் பக்கத்தில் கேற் புஷ், 2014இல் லண்டனில் 35 ஆண்டுகளின் பின் மேடையேறியபோது, கைத்தொலைபேசியால் படம்பிடிக்க வேண்டாம் என்று ரசிகர்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். பொப் டிலனின் அண்மைய சுற்றுப்பயணங்களில் வாசலிலேயே தொலைபேசியைப் பூட்டிய பையில் போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆனாலும் அந்தக் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகள் வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சட்டம் சொல்வது

இதில் இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள பதிப்புரிமை ஒன்று. அந்தப் பாட்டை அன்றிரவு பாடியவருக்கு அந்தப் பாடுகையின் மீது உள்ள உரிமை இன்னொன்று. பொட்டம் லைனில் நீல் யங் 'கிறீன்சிலீவ்ஸ்' என்ற பழைய ஆங்கில நாட்டார் பாடலையும் பாடினார். அது பல நூற்றாண்டுப் பழசு, இன்று எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் 1974 மே 16 அன்று அவர் அதைப் பாடிய அந்தச் சில நிமிடங்கள் அவருடையவை. ஒளித்துப் பதிபவர் கைவைப்பது இந்த இரண்டாவது உரிமையில்.

பிரித்தானியா இந்த உரிமையைப் பாதுகாக்க 1925இலேயே சட்டம் இயற்றியது. 1961இன் உரோம் உடன்படிக்கை அதைச் சர்வதேச அளவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்கா விசித்திரமாகப் பின்தங்கியது. ஒலிப்பதிவுகளுக்கே அங்கு கூட்டாட்சிப் பதிப்புரிமை 1972 பெப்ரவரியில்தான் வந்தது. நேரடிக் கச்சேரியை அனுமதியின்றிப் பதிவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1994இல், உலக வர்த்தக ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக வந்தது. அதாவது அன்றிரவு மேசையடியில் கசெற் சுழன்றபோது, அதைத் தடுக்க மண்டபக்காரரின் விதிகளும் மாநிலச் சட்டங்களும்தான் இருந்தன.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைக் கையாள்கிறது. ஆற்றுகைக் கலைஞர் ஒருவரின் நேரடி ஆற்றுகையைப் பதிவதற்கும், அந்தப் பதிவைப் பிரதி செய்வதற்கும், ஒலிபரப்புவதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும். கோயில் வீதியில் வாசிக்கும் நாதஸ்வர வித்துவானும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆற்றுகைக் கலைஞர்தான். திருவிழாக் கச்சேரி முழுவதையும் கைத்தொலைபேசியில் பதிந்து யூரியூப்பில் ஏற்றி விளம்பரக் காசு எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்த வித்துவானிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்? அவருக்குக் கிடைப்பது அன்றைய சம்பளம் மட்டும். அடுத்த ஊர்க் கோயில்காரர், 'அதுதான் எல்லாம் யூரியூப்பில் இருக்கே' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

நம் காதுக்கு இது எப்படிக் கேட்கிறது

'இரகசியமாகப் பதிவு செய்தல்' என்ற சொற்றொடரை நியூயோர்க்கில் வாசிப்பவருக்கும் முல்லைத்தீவில் வாசிப்பவருக்கும் ஒரே பொருள் வராது. நினைவேந்தல்களிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டங்களிலும் ஓரமாய் நின்று முகம் முகமாகப் படம்பிடிப்பவர்களை நாம் அறிவோம். அங்கே பதிபவருக்கு அதிகாரம் இருக்கிறது, பதியப்படுபவருக்கு இல்லை. பொட்டம் லைனில் பதிந்தவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவருக்கு இருந்தது ஆசை மட்டும். இரண்டிலும் சம்மதம் கேட்கப்படவில்லை என்பது பொது. ஆனால் யார், யாரை, எதற்காகப் பதிகிறார் என்பதைக் கேட்காமல் இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமாகாது.

மறுபக்கமும் உண்டு. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவும் கசெற்றும் கேட்ட சமூகம் நம்முடையது. ஒரு கசெற் பையில் இருந்ததற்காகச் சோதனைச் சாவடியில் பயந்து நின்றதும், இடம்பெயரும்போது மண்ணில் தாட்டுவிட்டுப் போனதும் பல வீடுகளில் நடந்தவை. 1981இல் எரிந்த யாழ் பொது நூலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. பிரதி எடுக்கப்படாத ஒன்று எப்படி ஒரே இரவில் இல்லாமற் போகும் என்று நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை இன்றைய தலைமுறை எப்படிக் கேட்கிறது? கச்சேரிகளில் பதிவாகி, இரைச்சலோடு கைமாறி வந்த ஒலிப்பதிவுகளில்தான். அக்காலத்தில் யாரோ ஒருவர் கருவியைத் திருப்பிவிட்டிருக்காவிட்டால், அவரைப் பற்றிய புகழுரைகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்திருப்போம். ஆங்கில உலகிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1974இல் 26 வயதில் இறந்த நிக் டிறேக் என்ற தனிக் கிற்றார்ப் பாடகர் வளர்ந்த பிறகு பாடும் காட்சி ஒரு விநாடிகூட இதுவரை கிடைக்கவில்லை. அவருடைய கச்சேரிகளுக்கு வந்த சிலர் எவ்வளவு நாகரிகமானவர்களாக இருந்திருக்கவேண்டும்!

ஆனால் 'அழிந்துவிடும், ஆகவே கேட்கத் தேவையில்லை' என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். தனியாகப் பாடும் கலைஞர் புதிய பாட்டொன்றை 400 பேர் முன் பரீட்சித்துப் பார்க்கிறார். அதில் தடுமாறவும், வரியை மாற்றவும், தலைப்பை மாற்றவும் அவருக்கு இடம் வேண்டும். ஒளிந்திருக்கும் மைக் அந்த இடத்தைப் பறிக்கிறது. உயிரோடு இருக்கும் கலைஞரிடம் கேட்கமுடியும் என்றால் கேட்கவேண்டும். பதிந்ததை விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மாற்றுவோர் வலைப்பின்னல் அந்த எல்லையை ஐம்பது வருடங்களுக்கு முன்னரே போட்டுக்கொண்டது என்பதுதான் அவர்கள்மீது எனக்குள்ள மரியாதை.

வீட்டில் பழைய கசெற் இருந்தால்

திருவிழாக் கச்சேரி, வில்லுப்பாட்டு, நாட்டுக்கூத்து, அம்மம்மாவின் தாலாட்டு என்று எதாவது பதிந்த நாடா அலுமாரியில் கிடந்தால், அதை உடனே பிளேயரில் போட்டுப் பார்க்கவேண்டாம். கண்ணாடிப் பக்கத்தால் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடக்கூடாது. பூஞ்சணம் பிளேயரின் தலைக்கும் ஒட்டி அடுத்த கசெற்றையும் பழுதாக்கும். அதைச் சுத்தப்படுத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கவேண்டும். நாடா சுத்தமாக இருந்தால், மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் உள்ள சிறிய பிளாஸ்ரிக் மடல்களை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிந்துவிட முடியாது. ஒருதரம் முழுதாக முன்னே ஓட்டி, பின்னே சுற்றிவிட்டு, கணினியில் இணைத்துப் பதியுங்கள். எம்பி3ஆக அல்ல, முதலில் வேவ் வடிவில். இரைச்சலைக் குறைக்கும் வேலையைப் பிரதியில் செய்யலாம், மூலக் கோப்பில் கைவைக்கக்கூடாது. இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் இருப்பது நல்லது.

கோப்பின் பெயரில் யார், எங்கே, எந்த ஆண்டு, யார் பதிந்தது என்று எழுதுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்கள் ஒலிப்பதிவுகளையும் பேணுகின்றன. கொடுப்பதற்கு முன் வாசித்தவரோ பாடியவரோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் பிள்ளைகளைத் தேடுங்கள். அவர்களிடம் அந்தக் குரலின் பிரதி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.